ஈருறுப்பும் இருசொற்பெயரும்: 'பைனாமியல்' என்ற ஒரே சொல் இரண்டு பாடங்களில் ஏன்?

பதினோராம் வகுப்பு. காலையில் கணக்கு ஆசிரியர் 'பைனாமியல் தேற்றம்' நடத்துகிறார். மதியம் உயிரியல் ஆசிரியர் மாமரத்துக்கு 'பைனாமியல் பெயர்' எழுதிப் போடுகிறார். கைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தால் இரண்டும் கலந்து வருகின்றன. தமிழ்வழியில் படிப்பவருக்குச் சிக்கல் வேறு விதம். கணக்கில் 'ஈருறுப்பு' என்றும் உயிரியலில் 'இருசொற்பெயர்' என்றும் படித்துவிட்டு, கல்லூரிக்குப் போன பிறகுதான் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்று தெரியவருகிறது.

இரண்டு இடத்திலும் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. அந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் விதம் மட்டும் வேறு. அந்த ஒட்டைப் புரிந்துகொண்டால் (க + ச)² ஏன் அப்படி விரிகிறது, வரையாட்டின் அறிவியல் பெயர் ஏன் மாறியது ஆகிய இரண்டும் விளங்கிவிடும். ஒட்டுவகைகளைப் பிரித்துச் சொல்லத் தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே நல்ல சொற்கள் இருக்கின்றன.

சொல் பிறந்த இடம்

'பை' என்றால் இரண்டு. 'நாமியல்' என்ற பகுதிக்குப் பின்னால் இருப்பது பெயர். உயிரியலில் 'பெயர்' என்பது பொருந்துகிறது. கணக்கில் பெயருக்கு என்ன வேலை?

விடை யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' நூலின் பத்தாம் பாகத்தில் இருக்கிறது. இரண்டு கோடுகளை ஒட்டவைத்து ஒரு கோடாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் நீளம் 3, மற்றதன் நீளம் √2. இந்த இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கும் பொது அலகு எதுவும் கிடையாது. அதனால் மொத்த நீளத்தை ஒரே பெயரில் சொல்ல முடியாது. 3 + √2 என்று இரண்டு பெயரையும் சொல்லியே ஆகவேண்டும். இப்படிப்பட்ட கோட்டை யூக்ளிட் 'இரு பெயர்களால் ஆனது' என்று அழைத்தார். அதை லத்தீனில் எழுதியபோது பிறந்ததுதான் 'பைனாமியல்'. ஆகவே கணக்கிலும் தொடக்கத்தில் இது பெயரைப் பற்றிய சொல்தான். ஒன்றாகச் சுருக்க முடியாததால் இரண்டு பெயர் தேவைப்பட்டது. இந்தக் காரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடியும் வரும்.

இயற்கணிதத்தில் 'உறுப்பு' என்பது என்ன?

இந்தக் கட்டுரையில் மாறிகளுக்கு க, ச என்ற எழுத்துகளை வைத்துக்கொள்வோம். கச என்று சேர்த்து எழுதினால் இரண்டையும் பெருக்குகிறோம் என்று பொருள்.

1. பெருக்கலால் சேர்ந்திருப்பதெல்லாம் ஓர் உறுப்பு. 7 ஓர் உறுப்பு. 3கச என்பதும் ஓர் உறுப்புதான். அதில் மூன்று துண்டு தெரிந்தாலும் கணக்கு ஒன்றே.

2. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் உறுப்புகளைப் பிரிக்கும் எல்லைகள். 3க + ச என்பதில் இரண்டு உறுப்புகள் இருப்பதால் அது ஈருறுப்புக் கோவை. 5க² − 7 என்பதும் ஈருறுப்புக் கோவையே.

3. ஒத்த உறுப்புகள் ஒன்றாகிவிடும். 3க + 5க என்று எழுதினால் பார்வைக்கு இரண்டு, கூட்டினால் 8க. அது ஓருறுப்புக் கோவை. யூக்ளிட் சொன்ன அதே காரணம்தான்: ஒரே பெயரில் சொல்ல முடிந்தால் இரண்டு பெயர் வேண்டாம்.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்த படி. (க + ச)² = க² + ச² என்று எழுதிவிடுகிறார்கள். நடுவில் 2கச வரவேண்டும் என்று ஆசிரியர் சிவப்பு மையில் திருத்துவார். ஏன் வரவேண்டும் என்பது சூத்திரத்தைப் பார்த்தால் தெரியாது. ஒரு மனையைப் பார்த்தால் தெரியும்.

60 அடிக்கு 60 அடி மனை ஒன்று. பரப்பு 3600 சதுர அடி, அதாவது ஒன்றரை கிரவுண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் 40 + 20 என்று பிரித்து, குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போடுங்கள். ஒரு மூலையில் 40-க்கு 40, அதன் எதிர்மூலையில் 20-க்கு 20 கிடைக்கும். இந்த இரண்டு சதுரங்களை மட்டும் கூட்டினால் 1600 + 400 = 2000. மீதி 1600 சதுர அடி எங்கே? மற்ற இரண்டு மூலைகளில், 40-க்கு 20 என்ற இரண்டு நீளத் துண்டுகளாகக் கிடக்கிறது. அதுதான் 2கச. அதை விட்டுவிடுவது இரண்டு மூலை நிலத்தைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டதற்குச் சமம்.

தேமா, புளிமா, 1 2 1

சரி, (க + ச)³, (க + ச)⁴ என்று போனால் கெழுக்கள், அதாவது உறுப்புகளின் முன்னால் நிற்கும் எண்கள், எப்படி வரும்? அந்த எண்களை வரிவரியாக அடுக்கிய பாஸ்கல் முக்கோணத்தைப் பாருங்கள் என்று பாடநூல் சொல்லும். பாஸ்கலின் நூல் அச்சானது 1665இல். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர், பிங்கலரின் சமஸ்கிருத யாப்பு நூலுக்கு எழுதிய உரையில் இதே முக்கோணத்தை 'மேரு பிரஸ்தாரம்' என்று விளக்கியிருக்கிறார். குறில், நெடில் அசைகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணப்போய் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

தமிழ் யாப்பு படித்தவர்கள் இதைத் தங்கள் கையாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். நமக்கு அசை இரண்டே வகை: நேர், நிரை. அவற்றை அடுக்கினால் சீர்.

ஓரசைச் சீர்: நாள், மலர். எண்ணிக்கை 1, 1.

ஈரசைச் சீர் நான்கு. நிரை ஒன்றுகூட இல்லாதது தேமா. ஒரு நிரை உள்ளவை புளிமா, கூவிளம். இரண்டும் நிரையாக வருவது கருவிளம். எண்ணிக்கை 1, 2, 1. இப்போது (க + ச)² விரிவின் கெழுக்களைப் பாருங்கள்: 1, 2, 1. புளிமாவில் நிரை முன்னால் வருகிறது, கூவிளத்தில் பின்னால் வருகிறது. வரிசைதான் வேறு, சரக்கு ஒன்றே. 2கச-வில் இருக்கும் அந்த 2 இதுதான்.

மூவசைச் சீர் எட்டு. நிரையே இல்லாதது தேமாங்காய் ஒன்று. ஒரு நிரை உள்ளவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என மூன்று. இரண்டு நிரை உள்ளவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி என மூன்று. மூன்றும் நிரையானது கருவிளங்கனி ஒன்று. எண்ணிக்கை 1, 3, 3, 1. இதையே

(க + ச)³ = க³ + 3க²ச + 3கச² + ச³

என்று கணக்குப் புத்தகம் எழுதுகிறது. நாலசைச் சீர் பதினாறையும் பிரித்தால் 1, 4, 6, 4, 1 வரும். ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

யாப்பிலக்கணம் எழுதியவர்கள் இயற்கணிதம் செய்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அப்படிப் பெருமை பேசுவது அவர்கள் உண்மையில் செய்ததை மறைத்துவிடும். இரண்டு பொருளை ஒழுங்காக அடுக்கி, ஒன்றும் விடுபடாமல் பெயர் வைத்தார்கள். ஈருறுப்புத் தேற்றமும் அடிப்படையில் அந்த எண்ணிக்கைதான். கணக்கு ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு மணி நேரம் சேர்ந்து நடத்தவேண்டிய பாடம் இது என்று உறுதியாக நினைக்கிறேன்.

உயிரியலில்: ஒரு வரி முழுக்கப் பெயராக இருந்த காலம்

அறிவியல் பெயர் எப்போதும் இரண்டு சொல்லாக இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஒரு செடியின் லத்தீன் பெயரே அதன் விவரணையாக இருந்தது. நம் வயலோரத்துச் சொடக்குத் தக்காளியின் பேரினத்தை (நெருங்கிய உறவுள்ள வகைகளின் கூட்டத்தை)ச் சேர்ந்த செடி ஒன்றின் பழைய பெயர் இது: 'பைசாலிஸ் அன்னுவா ராமோசிஸ்சிமா, ராமிஸ் அங்குலோசிஸ் கிளாப்ரிஸ், ஃபோலியிஸ் டென்டாட்டோ-செர்ராட்டிஸ்'. ஓராண்டே வாழ்வது, மிகுதியாகக் கிளைப்பது, கோணமுள்ள மழமழப்பான கிளையுடையது, பல்போல வெட்டுப்பட்ட இலையுடையது என்று பொருள். இப்படிப்பட்ட நீண்ட பெயரைப் 'பாலினாமியல்' என்றே சொல்வார்கள். ஆம், பல்லுறுப்புக் கோவைக்கு உரிய அதே சொல்.

இதில் இருந்த தொல்லை நீளம் மட்டும் அல்ல. அதே பேரினத்தில் புதிதாக ஒரு செடி கிடைத்தால், அதிலிருந்து வேறுபடுத்திக் காட்டப் பழைய செடியின் பெயரையும் நீட்டவேண்டும். ஒரு வீட்டுக்குக் குழந்தை பிறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை மாற்றிக்கொள்வதுபோல.

சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவரங்கள் பற்றிய நூலில், நீண்ட விவரணையை அப்படியே வைத்துவிட்டு, ஓரத்தில் ஒற்றைச் சொல் ஒன்றைப் போட்டார். மேலே சொன்ன செடிக்கு அந்தச் சொல் 'அங்குலாட்டா'. பேரினப் பெயரோடு சேர்த்துச் சொன்னால் பைசாலிஸ் அங்குலாட்டா. இரண்டே சொல்லில் வேலை முடிந்தது. அவர் அதை ஒரு நினைவுக்குறிப்பாகத்தான் வைத்தார். ஊர் உலகம் அந்த ஓரச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. 1758இல் விலங்குகளுக்கும் அதே முறையைக் கொண்டுவந்தார். தாவரப் பெயர்களுக்கு 1753-ஐயும் விலங்குப் பெயர்களுக்கு 1758-ஐயும் தொடக்க ஆண்டாக இன்றும் வைத்திருக்கிறார்கள்.

விதிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. முதல் சொல் பேரினம், இரண்டாம் சொல் அதற்குள் அடங்கும் தனி வகையான சிற்றினத்தைக் குறிக்கும் அடை. ரோமன் எழுத்தில் முதல் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி, இரண்டாம் சொல்லைச் சிறிய எழுத்திலேயே எழுதுவார்கள். இரண்டும் சாய்வெழுத்தில் வரும். கையால் எழுதினால் அடிக்கோடு. தமிழில் எழுதும்போது இந்த அடையாளங்கள் மறைந்துவிடுவதால் எது பேரினம் என்பதை வரிசைதான் காட்டுகிறது.

2. இரண்டாம் சொல் தனியாக நின்றால் ஒன்றையும் குறிக்காது. மா, மாங்கிஃபெரா இண்டிகா. புளி, டாமரிண்டஸ் இண்டிகா. வேம்பு, அசாடிராக்டா இண்டிகா. வெறும் 'இண்டிகா' என்றால் ஊறுகாயா, குழம்பா, கொழுந்தா என்றே தெரியாது.

3. பேரினப் பெயர் தாவரங்களுக்குள் ஒன்றுக்கு ஒன்றுதான், விலங்குகளுக்குள்ளும் அப்படியே. ஆனால் இரண்டு உலகங்களுக்கும் விதிநூல் தனித்தனி. மோரஸ் என்பது முசுக்கொட்டையின் பேரினம். ஒரு கடற்பறவைக் கூட்டத்தின் பேரினமும் மோரஸ்தான்.

ஒட்டு எங்கே வேறுபடுகிறது?

தமிழ் இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. 'இரவுபகல்' என்பது உம்மைத்தொகை: இரவும் பகலும். இரண்டும் சமம், ஒன்று மற்றொன்றுக்குள் அடங்காது. 'சாரைப்பாம்பு' என்பது இருபெயரொட்டுப் பண்புத்தொகை: பாம்பு பொதுப்பெயர், சாரை அதற்குள் அடங்கும் சிறப்புப்பெயர்.

கணக்கில் வரும் க + ச உம்மைத்தொகை. அறிவியல் பெயர் இருபெயரொட்டு. என்னைக் கேட்டால், ஆங்கிலச் சொல்லால் வரும் குழப்பம் முழுக்க இந்த ஒரு வேறுபாட்டில் தீர்ந்துவிடும். மூன்று விளைவுகளைப் பார்க்கலாம்.

முதலாவது, வரிசை. க + ச என்பதை ச + க என்று மாற்றினால் ஒன்றும் ஆகாது. 'இண்டிகா மாங்கிஃபெரா' என்று மாற்றினால் அப்படி ஒரு மரமே இல்லை. லத்தீனில் பொதுப்பெயர் முன்னால், சிறப்புப்பெயர் பின்னால், தமிழில் தலைகீழ். நெல்லி, அரைநெல்லி, கீழாநெல்லி என்று நாம் சொல்வதும் இதே வேலைதான். ஒன்று மரம், ஒன்று சிறுமரம், ஒன்று முழங்காலுக்குக்கூட வராத செடி. ஆனாலும் தாவரவியலார் மூன்றையும் நெடுங்காலமாக ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறார்கள்: எம்பிளிகா, அசிடஸ், அமாரஸ். இலைக்கடியில் காய் தொங்கும் அந்தச் செடியைப் பார்த்து 'இதுவும் நெல்லிதான்' என்று சொன்னவரின் கண்ணை வணங்கவேண்டும்.

இரண்டாவது, ஒரே பெயர் இரண்டு முறை வருவது. க + க என்றால் 2க, உடனே ஓருறுப்பாகிவிடும். விலங்கியலில் அப்படி இல்லை. நல்ல பாம்பு நாஜா நாஜா, புள்ளிமான் ஆக்ஸிஸ் ஆக்ஸிஸ். முதல் நாஜா பேரினம், இரண்டாவது நாஜா சிற்றின அடை. வேலை வேறாக இருப்பதால் இரண்டும் நிற்கின்றன. தாவரவியல் விதிநூலோ இப்படி ஒரே சொல் திரும்ப வருவதை அனுமதிப்பதில்லை.

மூன்றாவது, அடைப்புக்குறி. (க + ச)² என்பதில் அடைப்புக்குறி 'உள்ளே இருப்பதைச் சேர்த்துப் பிடி' என்கிறது. அறிவியல் பெயருக்குப் பின்னால் ஆளின் பெயர் அடைப்புக்குறிக்குள் வந்தால் பொருளே வேறு: முதலில் பெயர் வைத்தவர் இவர், ஆனால் அவர் வைத்த பேரினத்தில் இது இப்போது இல்லை.

பெயர் மாறும் செய்தி வரும்போது

நம் மாநில விலங்கு வரையாடு. 1838இல் ஓகில்பி அதற்குக் கீமஸ் ஹைலோக்ரியஸ் என்று பெயர் வைத்தார். பிறகு இமயமலைத் தார் என்ற காட்டாட்டுக்கு உறவு என்று கருதி ஹெமிட்ராகஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். 2005இல் டிஎன்ஏ ஆய்வு, இது இமயமலைத் தாரைவிடச் செம்மறிக் கூட்டத்துக்கே நெருக்கம் என்று காட்டியது. அதனால் தனிப் பேரினம் உண்டாக்கி நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ் (ஓகில்பி, 1838) என்று எழுதுகிறோம். அந்த அடைப்புக்குறிக்குள் இவ்வளவு கதை இருக்கிறது.

கவனியுங்கள், 'ஹைலோக்ரியஸ்' மாறவில்லை. மாறியது உறவுமுறை, அதாவது 'இது யார் வீட்டைச் சேர்ந்தது' என்ற முடிவு. கருவேலமும் இப்படித்தான். அகேசியா நிலோட்டிகா என்று படித்தது இன்று வாசெல்லியா நிலோட்டிகா. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு, அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கே கொடுத்தது. 2011இல் மெல்பர்னில் அது மீண்டும் உறுதியானது. அந்தக் கூட்டத்தில் ஆயிரத்தை ஒட்டிய சிற்றினங்கள் இருந்ததே காரணம். சீமைக் கருவேலமோ புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. 2022 முதல் நெல்ட்யூமா ஜூலிஃப்ளோரா என்றும் எழுதுகிறார்கள். பெயரில் 'கருவேலம்' இருந்தாலும் இரண்டும் ஒரே பேரினம் இல்லை. அகற்றும் பணிக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வெட்டக்கூடாத நாட்டுக் கருவேலமும் சேர்ந்து போய்விடக்கூடாது.

தக்காளி இன்னும் சுவையானது. லின்னேயஸ் 1753இல் கத்தரி இருக்கும் சோலானம் பேரினத்தில் வைத்தார். மில்லர் அதைப் பிரித்து லைக்கோபெர்சிகான் என்று தனிப் பேரினம் ஆக்கினார். பிற்கால டிஎன்ஏ சான்று அதைத் திரும்பவும் சோலானத்துக்கே கொண்டுவந்துவிட்டது. இன்றைய பெயர் லின்னேயஸ் வைத்ததுதான்: சோலானம் லைக்கோபெர்சிகம்.

உயிரியலுக்குள் ஈருறுப்பு வந்த கதை

இரண்டு பைனாமியல்களும் ஒரே துறைக்குள் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு: மரபியல்.

ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு நகல், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு சமூகத்தில் உள்ள நகல்களில் நல்லவற்றின் பங்கு க, பழுதானவற்றின் பங்கு ச என்றால், பிள்ளைகளின் கணக்கு (க + ச)². 1908இல் இதைத் தனித்தனியாகச் சொன்னவர்கள் ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க்கும், கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டியும். ஐந்து ஆண்டு கழித்து இராமானுஜத்தின் கடிதம் போய்ச் சேர்ந்ததும் இதே ஹார்டியிடம்தான்.

பத்தில் ஒரு நகல் பழுது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

1. க² = 0.81. நூறு பேரில் 81 பேருக்கு இரண்டும் நல்ல நகல்.

2. ச² = 0.01. ஒருவருக்கு இரண்டுமே பழுது. ஒடுங்கு மரபு நோயானால் நோய் வெளிப்படுவது இவருக்குத்தான்.

3. 2கச = 0.18. பதினெட்டுப் பேர் ஒரு பழுது நகலைச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் அது அவர்களுக்கே தெரியாது.

நடு உறுப்பை மறந்தவர் இங்கே பதினெட்டு மனிதர்களை மறக்கிறார். அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மரபணு இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். இன்று அந்த நோய்க்கான பரிசோதனை முகாம்களில் நோயாளிகளோடு இந்த நடு உறுப்பில் இருப்பவர்களையும் தேடுகிறார்கள். காரணம், இருவரும் சுமப்பவர்களாக இருக்கும் தம்பதிக்கு ஒவ்வொரு பிள்ளையிலும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு.

இந்தச் சூத்திரம் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: இணைகள் உறவு பாராமல் அமையவேண்டும். சொந்தத்தில் கட்டும்போது ஒரே முன்னோரின் பழுது நகல் இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர வழி உண்டு. நடு உறுப்பு சுருங்கி, ஓரங்கள் பெருகும். நூறில் ஒரு நகல் பழுது என்று எடுத்துக்கொண்டால், உறவில்லாத தம்பதிகளின் பிள்ளைகளில் பத்தாயிரத்துக்கு 1 என்ற கணக்கில் நோய் வரும். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் பிறக்கும் பிள்ளைகளில் அது பத்தாயிரத்துக்குச் சுமார் 7. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் பிள்ளைகளில் சுமார் 13.